பதினொரு நீல வளையக் கோழிகள்

என் அம்மா எதையும் உள்ள அளவில் சொன்னதே கிடையாது. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் ஊரே வந்தது என்பாள். குப்பம் பஸ்ஸில் கொஞ்ச தூரம் நின்றுகொண்டு வந்தால் ஒற்றைக் காலிலேயே வந்தேன் என்பாள். எனக்குக் காய்ச்சல் என்றால், "அவ உடம்பு மேல அரிசிய வச்சா வெந்துடும்" என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லுவாள். அதனால், புழு தின்ற கோழி இரண்டு மடங்கு முட்டை போடும் என்று அவள் சொன்னபோது, வீட்டில் நானும் நைனாவும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவள் திருப்பதியில் கோழியைப் பற்றியே பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஆறேழு வயது பெரியவள். நாட்டுக்கோழிக்கு மக்கள் என்ன தீனி போடுகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு ராமகுப்பம் பக்கம் வந்தவள், எங்கள் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நாற்றத்துக்குக் காரணம் அம்மாதான். அம்மா வேலை செய்தது ஒரு ரீலிங் யூனிட்டில். பட்டுக்கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நூல் எடுப்பார்கள். நூல் எல்லாம் போன பிறகு உள்ளே மிஞ்சுவது வெந்த புழு. அதை யாரும் தொடமாட்டார்கள். அம்மா மட்டும் பையில் கட்டிக்கொண்டு வந்து, வெயிலில் காயவைத்து, இடித்து, சோளத்தோடும் தவிட்டோடும் கலந்து கோழிக்குப் போடுவாள். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்குத் தெருவில் யாரும் கை காட்ட வேண்டியதே இல்லை. மூக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

"எவ்ளோ ஜாஸ்தி போடும்மா?" என்று கேட்டாள் அந்தத் திருப்பதி அக்கா. அவளுக்குத் தமிழ் பாதி, தெலுங்கு பாதி; 'இல்லையா' என்பதற்குக் 'கதா' என்பாள்.

"ரெண்டு மடங்கு."

"நிஜமா சொல்லுங்க."

"நிஜமாத்தான் சொல்றேன் டாக்டரம்மா. முட்டைய வைக்கறதுக்கே வூட்ல எடம் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் மூன்று முட்டை இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மடங்குன்னா புழு போட்டது அஞ்சு கோழி, போடாதது அஞ்சு கோழி வச்சு எண்ணினாலே தெரிஞ்சுடும். கொஞ்சம்தான் ஜாஸ்தின்னா நூத்துக்கணக்குல கோழி வேணும். அதான் கேக்கறேன்."

"இது இன்னா கூத்து? சின்ன விஷயத்துக்கா பெரிய கூட்டம்?"

"ஆமா கதா. ராத்திரி நெலத்துல யானை பூந்துச்சான்னு பாக்க எத்தனை பேர் வேணும்?"

எங்கள் பக்கம் யானை காட்டிலிருந்து இறங்கி வருவது வழக்கம். அம்மா யோசிக்கவே இல்லை. "ஒரு ஆளு போதும். அவனும் வூட்ல படுத்துக்கினே சொல்லிடுவான்."

"எலி பூந்துச்சான்னு பாக்க?"

"அதுக்கு நெலம் பூரா ஆளு நிக்கணும்."

"அவ்ளோதான். உங்க வித்தியாசம் யானையா எலியா, சொல்லுங்க."

அப்புறம் நடந்ததைத் துணிக்கடையில்தான் பார்த்திருக்கிறேன். அம்மா இரண்டு மடங்கில் ஆரம்பித்தாள். அக்கா தலையை ஆட்டினாள். அம்மா ஒன்றரைக்கு இறங்கினாள். அக்கா எழுந்து போவது மாதிரி செய்தாள். கடைசியில், சும்மா தீனிக் கோழி நாலு முட்டை போடுகிற நாட்களுக்குள் புழுக் கோழி ஐந்து போடும் என்கிற இடத்தில் பேரம் முடிந்தது. அம்மாவுக்கு அது பெரிய அவமானம். "ஒனக்காகத்தான் எறங்கி வந்தேன்" என்றாள்.

அக்கா மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டினாள். புழுவுக்கு நாற்பது, சும்மா தீனிக்கு நாற்பது கோழி வேண்டும் என்று அது சொன்னது. "அஞ்சுக்கு நாலுங்கற வித்தியாசம் நிஜமாவே இருந்தா, இந்த மாதிரி பத்து தடவை செஞ்சு பாத்தா எட்டு தடவை நம்ம கண்ணுல படும்" என்றாள்.

"மிச்சம் ரெண்டு தடவ?"

"விஷயம் நிஜமா இருக்கும். ஆனா நமக்குத் தெரியாம போயிடும்."

"எட்டு தடவ தெரிஞ்சா நல்ல கண்ணுதான்" என்றாள் அம்மா. "எங்க வூட்டுக்காரரு எதிர்லயே நின்னாலும் பத்துல ரெண்டு தடவதான் நான் அவரு கண்ணுல படுவேன்."

நைனா வாசலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எதுவும் காதில் விழாதது மாதிரி இருந்தார்.

திருப்பதியிலிருந்து ஒரே சமயத்தில் பொரித்த பெட்டைக் குஞ்சுகள் வண்டியில் வந்தன. தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்தாள் அக்கா. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கூண்டு. ஒரு கூண்டில் நாலு குஞ்சு, காலில் சிவப்பு வளையம். அதற்குப் புழு கலந்த தீனி. இன்னொரு கூண்டில் நாலு குஞ்சு, நீல வளையம். அதற்குச் சும்மா தீனி. எந்தக் குஞ்சுக்கு எந்த வளையம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தாள். நல்ல குஞ்சாகப் பார்த்துச் சிவப்பு மாட்டலாம் என்று அம்மா கை நீட்டியபோது, கையிலேயே ஒரு தட்டு தட்டினாள்.

எல்லாரையும் கூப்பிட்டுவைத்து நிபந்தனை சொன்னாள். கோழியை விற்கக் கூடாது, யாருக்கும் தரக் கூடாது, தீனியை மாற்றிப் போடக் கூடாது. எல்லாரும் சரி என்றார்கள். எட்டாம் கிளாஸோடு நின்று வீட்டில் சும்மா இருந்த எனக்கு, பத்து வீட்டையும் சுற்றிப் பார்க்கிற வேலை கிடைத்தது. அம்மா ஊரெல்லாம் சொன்னாள்: "எங்க பொண்ணு காலேஜ்ல வேலை பாக்குது."

குஞ்சுகள் வளர்ந்து விடைக்கோழிகள் ஆயின. இன்னும் முட்டை ஆரம்பிக்கவில்லை. எல்லாக் கோழியும் முட்டைக்கு வந்த பிறகு எண்ணலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் சிவப்பு வளையக் கோழிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மானத்த வாங்கிடாதீங்கடி" என்பாள்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

"லேசா நெஞ்சு வலிக்குது" என்றாள்.

அவள் வாயிலிருந்து லேசா என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தலைவலி வந்தால் மண்டை பிளந்துவிடும், முள் குத்தினால் கால் போய்விடும். அவளே லேசா என்கிறாள் என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்தோம். நைனா தண்ணீர் கொடுத்தார். நான் கோழிக்குத் தீனி வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. ஆட்டோ குப்பம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எலியைப் பார்க்க நிலம் பூராவும் ஆள் நிற்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

சாவு வீட்டில் கோழிக்குப் பசிக்காமலா இருக்கும்? மறுநாள் காலையில் உறவுக்காரப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, நான் பின்பக்கம் புழுவை இடித்துக்கொண்டிருந்தேன். நாற்றம் உள்ளே போனது. ஒப்பாரி நின்றது. எதிர்வீட்டு அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி பண்ற? சாவு வூட்ல இந்த நாத்தம் நாறுதே!"

"செவப்பு வளையத்துக்கு நேரம் ஆச்சு அத்தை."

"அவளே போயிட்டா, இன்னும் இன்னாடி செவப்பு வளையம்?"

"உடும்மா, அவ பண்ணட்டும்" என்றார் நைனா. அத்தை என்னைப் பார்த்தாள், உலக்கையைப் பார்த்தாள். பிறகு நீலக் கூண்டுக்குச் சோளம் அள்ளிப் போட்டாள். மூக்கை மட்டும் விடவில்லை.

கருமாதிக்கு அக்கா திருப்பதியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள். அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கண் மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் பின்வாசலுக்குப் போய் வந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"ரெண்டு கூண்டுக்கும் வேற வேறயாத்தான் போட்டேன் அக்கா. ஒரு வேளை கூட மாத்தல."

அதுவரை அழாதவள் அதற்கு அழுதாள். என்னைச் செல்லி, செல்லி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். தெலுங்கில் செல்லி என்றால் தங்கச்சி. அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

அம்மா சொன்னது நிஜமா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிற வெறி எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. உயிரோடு இருந்தவரைக்கும் நம்பாதவள் நான். செத்த பிறகு அவள் சொன்னதில் ஒன்றாவது கம்ப்யூட்டரில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லாம் அவள் சொன்ன மாதிரியே இரண்டு மடங்கு வர வேண்டும், அத்தை வாயைப் பிளக்க வேண்டும்.

அடுத்த மாசம் கங்கம்மா ஜாத்திரை வந்தது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அம்மனுக்குக் கோழி கொடுக்கக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் இரண்டு பக்கமும் இருக்கிற பங்காளி வீடுகளுக்கும் அதே தீட்டு. மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, நானும் நைனாவும் உள்ளே ரசச் சோறு சாப்பிட்டோம். தெரு பூராவும் மசாலா வாசனை. பங்காளி வீட்டுப் பெரியம்மா ஆதங்கத்தோடு ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "உங்கம்மாவுக்கு ஜாத்திரை முடிஞ்சப்பறம் போகத் தெரியலியா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வழக்கம்போல் பத்து வீட்டையும் பார்க்கக் கிளம்பினேன். முதல் வீடு எதிர்வீட்டு அத்தை வீடு. சிவப்புக் கூண்டில் நாலு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. நீலக் கூண்டு திறந்து கிடந்தது.

"அத்தை, நீலம் எங்க?"

"எது?"

"நீல வளையம் போட்ட கோழிங்க, நாலும்."

"ஜாத்திரை இல்லியாடி நேத்து?"

"விக்கக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?"

"எவ வித்தா? அம்மனுக்குக் குடுக்கறது விக்கறதா? அம்மன் காசு குடுத்தாளா?"

"யாருக்கும் தரவும் கூடாதுன்னாங்களே!"

"மனுசங்களுக்குத் தரக் கூடாதுன்னு சொன்னாங்க. சாமிய யாருன்னு சொல்லுவாங்களாடி? நல்லாக் கேட்ட நியாயம்."

"அப்ப ரெண்டு செவப்பு, ரெண்டு நீலம்னாவது குடுத்திருக்கலாமே!"

அத்தை என்னை ஏதோ அபச்சாரம் சொல்லிவிட்டவளைப் போலப் பார்த்தாள். "புழு துன்ன கோழியவா? அம்மனுக்கா? வாயில வச்சா அவ மூஞ்சி சுளிக்க மாட்டா?"

அடுத்த வீட்டிலும் நீலம் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. ஏழு வீட்டிலும் ஒரே பதில், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி. தீட்டு இருந்த மூன்று வீட்டில் மட்டும் நீலம் மிஞ்சியது. அதிலும் ஒன்றை முன்பே நாய் கவ்விக்கொண்டு போயிருந்தது.

போனில் அக்காவிடம் சொன்னேன்.

"செவப்பு எத்தனை?"

"நாப்பதும் கீது அக்கா."

"நீலம்?"

"பதினொண்ணு."

"அய்யோ தேவுடா" என்றாள். பிறகு, "நாளைக்கு வரேன்" என்றாள்.

வந்ததும் ஏழு வீட்டுக்கும் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீலத்துல எந்தெந்தக் கோழிய வெட்டினீங்க? நல்லா இல்லாததாப் பாத்தா?"

"எல்லாத்தியும்தான்" என்றாள் அத்தை. "ஒறமொறைங்க அத்தினி பேரு வந்தாங்க. பொறுக்கிக்கினா இருப்பாங்க?"

அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். முட்டை போடாததாகப் பார்த்து வெட்டியிருந்தால், மிஞ்சினது எல்லாம் நல்ல நீலமாக இருக்கும். அப்போது கணக்கே பொய்யாகிவிடும். இவர்கள் கோழியைப் பார்த்து வெட்டவில்லை, வளையத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். அதனால் கணக்கு கோணலாகவில்லை. பலம்தான் போய்விட்டது.

"எவ்ளோ பலம் போச்சு?"

கட்டிலில் உட்கார்ந்து தட்டினாள். "நாப்பதும் பதினொண்ணும் சேந்து, இந்தப் பக்கம் பதினேழு அந்தப் பக்கம் பதினேழு வச்ச மாதிரிதான் வேலை செய்யும்."

"அம்பத்தோரு கோழி கீதே!"

"இருந்து?"

எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பக்கமும் சமமா இல்லன்னுதானே பிரச்னை? அப்ப செவப்புலயும் பதினொண்ணு வச்சுக்கினு மீதிய எடுத்துடலாம்."

வாசலிலிருந்து நைனா முதல்முறையாக ஆர்வமாக உள்ளே வந்தார். "எடுத்துட்டு இன்னா பண்ணுவீங்க? கொழம்பு வைக்கலாமா?"

"எடுத்தா பதினேழு பதினொண்ணு ஆயிடும் மாமா" என்றாள் அக்கா. "சமமா இல்லாதது தப்பு இல்ல. கம்மியா இருக்கறதுதான் கஷ்டம். இருக்கறதத் தூக்கிப் போட்டா இன்னும் கஷ்டம்." நைனா மறுபடி வாசலுக்குப் போய்விட்டார்.

"அப்ப செவப்ப இன்னும் ஜாஸ்தி பண்ணலாம். நானே நூறு கோழி வளக்கறேன்."

"ஊரு பூரா செவப்புக் கோழியா நெறைச்சாலும் இருபத்திரண்டு இருபத்திரண்டு வச்ச மாதிரிக்கு மேல போகாது, செல்லி. நீலம் பதினொண்ணுதான் கதா."

அது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று ஞாபகம் வந்தது. பெண் வீட்டுப் பக்கம் ஒரு லாரி ஜனம் வந்து பேசியது. மாப்பிள்ளைப் பக்கம் மூன்றே பேர், அதில் ஒருத்தர் செவிடு. பெண் பக்கத்து நியாயம் என்ன என்று ஊருக்கே மனப்பாடம். மாப்பிள்ளைப் பக்கம் என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இன்னொரு லாரி ஜனம் பெண் பக்கம் வந்து இறங்கியிருந்தாலும் அது தெரிந்திருக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க, வாய் குறைவாக இருக்கிற பக்கம்தான் தடை.

இதைச் சொன்னபோது அக்கா கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்தச் செவிட்டு மாமா எங்க கிளாஸுக்கே வேணும்" என்றாள்.

"சரி, பதினொண்ணையே ரொம்ப நாள் எண்ணினா? ஆறு மாசம்? ஒரு வருஷம்?"

"ஒரே ஆளை நூறு தடவை கேட்டாலும் சாட்சி ஒரு ஆள்தான். அந்தக் கோழி எப்படின்னு நல்லாத் தெரியும். கோழிங்க எப்படின்னு தெரியாது."

"அப்ப அந்த எட்டு தடவ?"

"எது?"

"பத்துல எட்டு தடவ கண்ணுல படும்னு அம்மாகிட்ட சொன்னீங்களே."

அக்கா கம்ப்யூட்டரை மறுபடி திறந்து பார்த்தாள். "இப்ப நாலு. நாலரை."

"பூவா தலையா போட்டாலே அஞ்சு வரும் அக்கா!"

"வரும்" என்றாள். "வேற ஊர்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு எங்க சார் சொல்றாரு. நீ சொல்லு."

நான், இருக்கிறதையே எண்ணலாம் என்றேன். அம்மா வளர்த்த கோழி. வேறு ஊரில் வேறு யாரோ புழு போட்டு வளர்த்து வருகிற முடிவு எனக்கு எதற்கு? அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன், எண்ணறதுக்கு முன்னாடியே. கடைசில தெரியலன்னு வந்துச்சுன்னா, அம்மா பொய் சொன்னாங்கன்னு அர்த்தம் இல்ல. நம்ம கண்ணு போதலன்னு அர்த்தம். அன்னிக்கு வந்து அழக் கூடாது."

"அழமாட்டேன்."

"நிஜமா?"

"ரெண்டு மடங்கு நிஜமா" என்றேன்.

அப்புறம் அந்தப் பதினொரு நீலக் கோழிகளுக்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்ல வேண்டும். நாய் வந்தால் தெருவே கல் எடுக்கும். மழை வந்தால் பெரியம்மா தன் வீட்டு ஒழுகலை விட்டுவிட்டுக் கூண்டுக்குப் பாலித்தீன் போடுவாள். ஒரு நீலம் தும்மினால் எனக்கு நாலு வீட்டிலிருந்து ஆள் வரும். சிவப்பு நாற்பதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "கலெக்டரு கோழிங்க" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அத்தைதான் ரொம்ப உடைந்துபோயிருந்தாள். தான் வெட்டினதால்தான் என் அம்மாவுக்குக் கெட்ட பெயர் வரப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். நாலு கோழி.

"சந்தையில புடிச்சேன். அதே வயசுதான். நீல வளையம் மாட்டிக்கோ."

"அத்தை, அது வேற கோழி."

"கோழிக்குக் கோழி இன்னாடி வேற? வளையம் நீலமா இருந்தா நீலம்தானே? அந்தப் பொண்ணு கண்ணுல காட்டாத."

"எங்க பொறந்துச்சு, இத்தினி நாளு இன்னா துன்னுச்சுன்னு தெரியாது. சேத்தா கணக்கு கெட்டுடும்."

அத்தை கோழிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்கம்மா இருந்திருந்தா எட்டா மாட்டி இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நிஜம். அன்றைக்குச் சாயந்தரம் அவள் வீட்டிலிருந்து எங்களுக்குக் கோழிக்குழம்பு வந்தது.

தினமும் காலையிலும் மத்தியானமும் சுற்றினேன். எந்தக் கோழி போட்டது என்று பார்த்துப் போனில் அக்காவுக்கு அனுப்பினேன். என் மனசுக்குள் நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாள் சிவப்பு அள்ளிக் கொட்டும், நான் அம்மா படத்தைப் பார்த்துச் சிரிப்பேன். மறுநாள் எங்கள் வீட்டு நீலம் நாலும் போட்டி போட்டுக்கொண்டு போடும், நான் படத்தின் பக்கம் போகமாட்டேன்.

எண்ணி முடித்த பிறகு அக்கா என்னைத் திருப்பதிக்கே வரச் சொன்னாள். மலைக்குப் போகாமல் திருப்பதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. சித்தூரில் பஸ் மாறினேன். பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை போடப் போகிறவர்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "உனுக்கு இன்னா வேண்டுதல்?" என்று கேட்டாள். "கோழிக் கணக்கு" என்றேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவின் ரூமில் கம்ப்யூட்டரில் ஒரு படம் இருந்தது. படுக்கப் போட்ட ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. குறுக்கே செங்குத்தாக இன்னொரு கோடு.

"இந்தச் செங்குத்துக் கோடுதான் வித்தியாசமே இல்லங்கற இடம். வலது பக்கம் போனா புழுத் தீனி ஜெயிச்சது. இடது பக்கம் போனா தோத்தது. புள்ளி எங்க இருக்கு பாரு."

"வலது பக்கம்."

"அம்மா பக்கம்" என்றாள். "ஆனா அந்தப் படுக்கைக் கோடு பூராவும் பாக்கணும். நெஜமான பதில் அந்தக் கோட்டு மேல எங்க வேணாலும் இருக்கலாம். வால் பாரு, இடது பக்கமும் கொஞ்சம் நீண்டு போவுது."

"அப்ப?"

"ஜாஸ்தி போடுதுன்னு சொல்ல முடியாது. போடலன்னும் சொல்ல முடியாது."

"நீலம் இன்னும் இருந்திருந்தா?"

"கோடு குட்டையா ஆயிருக்கும். ஒருவேளை பதில் தெரிஞ்சிருக்கும். எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியாது."

நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "ரெண்டு மடங்கு இதுல எங்க அக்கா வரும்?" என்று கேட்டேன்.

அக்கா விரலைக் கம்ப்யூட்டரின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே இடம் முடிந்துவிட்டது. விரலை அப்படியே காற்றில் கொண்டுபோய், மேஜையைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை கோழி, இத்தனை மாசம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து நிச்சயமாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: அம்மா அளந்துவிட்டாள். அதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழமாட்டேன் என்று சொன்னதை அக்கா ஞாபகப்படுத்தவில்லை. பக்கத்து ரூமிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தபோது, "கோழி செத்துடுச்சு" என்று தெலுங்கில் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நைனாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு மடங்கு இல்லியாம் நைனா."

"அது எனக்குக் கண்ணாலம் ஆன அன்னிக்கே தெரியும். ஜாஸ்தி போடுதா, இல்லியா?"

"தெரியாதாம்."

"இத்தினி நாளு எண்ணிட்டுத் தெரியாதா?"

"நீலம் கம்மி. ஏழு வூட்லயும் வெட்டிட்டாங்க இல்ல."

பஸ் ஸ்டாண்டில் யாரோ காளஹஸ்தி, காளஹஸ்தி என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவ இருந்திருந்தா நம்ம வூட்டு நீலத்த மொதல்ல அவளே வெட்டி இருப்பா" என்றார் நைனா. "அவ போன தீட்டாலதான் அந்தப் பதினொரு நீலமாச்சும் மிஞ்சுச்சு."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் எண்ணுவதற்கு ஒரு நீலம்கூட இருந்திருக்காது. அவள் சொன்னது நிஜமா என்று கேட்கவே முடிந்திருக்காது. கேட்கவேண்டிய அவசியமும் இருந்திருக்காது. அவளே சொல்லிக்கொண்டிருந்திருப்பாள், நாங்கள் நிமிராமல் இருந்திருப்போம்.

"துன்னியா?" என்று கேட்டார் நைனா.

"இன்னும் இல்ல."

"துன்னுட்டு பஸ் ஏறு."

கோழிகளை இனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். மறுநாள் காலையில் புழுவை இடித்து, தவிட்டோடு கலந்து, இரண்டு பங்காக வைத்தேன். ஒன்றைச் சிவப்புக் கூண்டுக்கு வைத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நீலக் கூண்டுக்குப் போனபோது, நைனா பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"அதான் தெரியலன்னுட்டாங்களே. அப்பால எதுக்கு?"

"இல்லன்னும் சொல்லல இல்ல."

கதவைத் திறந்து தட்டை உள்ளே வைத்தேன். இத்தனை மாசம் பக்கத்துக் கூண்டு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த கோழிகள். மூன்று, தட்டுக்குள்ளேயே ஏறி நின்று கொத்தின. நாலாவது மட்டும் ஒரு வாய் கொத்தி, தலையை உதறித் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் நின்றது.

"பாரு, இது உங்கம்மாவ நம்பல" என்றார் நைனா, வாய் நிறைய நுரையோடு.

எதிர்வீட்டிலிருந்து அத்தை, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாடி?" என்று கத்தினாள். நான் கூண்டுக்குள் குனிந்து, அந்த நாலாவது கோழிக்கு மட்டும் ஒரு பிடி சும்மா சோளத்தைத் தனியாகப் போட்டேன்.